நிறம் பார்த்துக் கொடுத்த பென்ஷன்

இந்த முறை கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கணக்கு வருகிறதே என்று ஓடிவிட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும் :-)

ஆண்டு 1928. இடம் தென்னாப்பிரிக்கா. 65 வயதைத் தாண்டிய நான்கு பெரியவர்கள். நான்கு பேருக்கும் சொத்து இல்லை, சம்பாத்தியம் இல்லை, உழைக்க உடம்பில் தெம்பும் இல்லை. அந்த ஆண்டு நாடாளுமன்றம் முதியோர் பென்ஷன் சட்டம் ஒன்றை நிறைவேற்றுகிறது. யார் யாருக்கு என்ன கிடைத்தது?

முதலாமவர் வெள்ளையர். வருடத்துக்கு அதிகபட்சம் 30 பவுண்டு.
இரண்டாமவர் 'கலர்டு' என்று அந்த நாட்டில் அழைக்கப்பட்ட கலப்பினத்தவர். 18 பவுண்டு.
மூன்றாமவர் ஆப்பிரிக்கர், மண்ணின் மைந்தர். ஒன்றுமில்லை.
நான்காமவர் இந்தியர். அவர் பெயர் முனுசாமியாகவோ கோவிந்தனாகவோ கூட இருந்திருக்கலாம். அவருக்கும் ஒன்றுமில்லை.

பசி நான்கு பேருக்கும் ஒன்றுதான். அரசாங்கம் அதற்குப் போட்ட விலைதான் வேறு வேறு.

ஏழைகளுக்கு அரசு பணம் கொடுத்தால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். பிளவுபட்ட ஒரு சமூகத்தில் அது அவ்வளவு எளிதல்ல. அங்கே நலத்திட்டமே பிளவைக் காக்கும் வேலியாகவும் ஆகலாம். அதே வேலி பிறகு வேறு யாருக்கோ பந்தலாகவும் மாறலாம். தென்னாப்பிரிக்க பென்ஷனின் கதையில் இரண்டுமே நடந்தன. அதனால்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏழை வெள்ளையர் என்ற தலைவலி

முதலில் ஒரு கேள்வி. 1928-இல் பெரிய பணக்கார நாடுகளே பென்ஷன் விஷயத்தில் தயங்கிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1935-இல்தான். அதற்கு ஏழு வருடம் முன்பே, சந்தா எதுவும் கட்டாத முதியவர்களுக்கு அரசு கஜானாவிலிருந்து பென்ஷன் கொடுக்க தென்னாப்பிரிக்காவுக்கு அப்படி என்ன அவசரம்?

அவசரம் இருந்தது. அதற்குப் பெயர் 'ஏழை வெள்ளையர் பிரச்சினை'.

போயர் யுத்தம் (1899-1902), வறட்சி, பாகம் பிரிந்து பிரிந்து துண்டாகிப்போன பண்ணை நிலங்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கானர் குடும்பங்களை ஜோகன்னஸ்பர்க் பக்கம் துரத்தின. கையில் தொழில் இல்லை, படிப்பும் இல்லை. நகரத்தில் அவர்கள் குடியேறிய சேரிகளில் பக்கத்து வீட்டில் ஆப்பிரிக்கர், எதிர் வீட்டில் இந்தியர். ஏழைகள் ஏழைகளோடு கலந்து வாழ ஆரம்பித்தார்கள். ஆள்பவர்களை மிரட்டியது இந்தக் கலப்புதான். ஒரு வெள்ளையன் கறுப்பனைப் போலவே பட்டினி கிடந்தால், வெள்ளையன் உயர்ந்தவன் என்ற கதையை யார் நம்புவார்கள்?

1922-இல் தங்கச் சுரங்க முதலாளிகள் வெள்ளைத் தொழிலாளர்கள் சிலரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் குறைந்த கூலிக்கு ஆப்பிரிக்கர்களை வைக்கப் பார்த்தார்கள். வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அது ஆயுதக் கலகமாகவே மாறியது. பிரதமர் ஸ்மட்ஸ் விமானத்திலிருந்து குண்டு போட்டுக் கலகத்தை அடக்கினார். சுமார் 200 பேர் செத்தார்கள். 1924 தேர்தலில் ஸ்மட்ஸ் தோற்றார். ஹெர்ட்சாக் தலைமையில் தேசியக் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைத்தன.

இந்தக் கூட்டணி அரசின் கொள்கைக்கு 'நாகரிக உழைப்புக் கொள்கை' என்று பெயர். ரயில்வே போன்ற அரசுத் துறைகளில் படிப்பில்லாத வெள்ளையருக்கு அதே வேலைக்குக் கூடுதல் கூலி. 1926-இல் சுரங்கச் சட்டத் திருத்தம் மூலம் திறன் வேலைகளில் நிறத் தடை. 1928-இல் பென்ஷன். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் பென்ஷன் சட்டத்தின் நோக்கம் புரியும். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இருந்த தூரத்தைக் குறைக்க வந்த சட்டம் அல்ல அது. வெள்ளை ஏழைக்கும் கறுப்பு ஏழைக்கும் நடுவில் ஒரு தூரத்தை உண்டாக்க வந்த சட்டம்.

அந்த 30 பவுண்டின் மதிப்பு என்ன? அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த ஒரு ஆப்பிரிக்கத் தொழிலாளி வருடம் முழுக்க ரொக்கமாகச் சம்பாதித்தது ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது உழைக்க முடியாத வெள்ளையருக்கு அரசு கொடுத்த உதவியும் உழைத்த கறுப்பருக்கு முதலாளி கொடுத்த கூலியும் கிட்டத்தட்ட சமம்! 1931 கணக்குப்படி சுரங்கத்தில் வெள்ளையரின் சராசரிக் கூலி ஆப்பிரிக்கரின் கூலியைப் போலச் சுமார் 11 மடங்கு.

பென்ஷன் வந்த அடுத்த ஆண்டே நியூயார்க்கின் கார்னகி நிறுவனத்தின் பணத்தில் ஏழை வெள்ளையர் பற்றிப் பெரிய ஆய்வு தொடங்கியது. 1932-இல் ஐந்து தொகுதிகளாக அறிக்கை வந்தது. சுமார் 18 லட்சம் வெள்ளையரில் 3 லட்சம் பேர் மிகவும் ஏழைகள் என்றது மதிப்பீடு. தானம் கொடுத்துக் கொடுத்தே ஏழைகளைச் சோம்பேறிகளாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

மற்றவர்களுக்கு ஏன் இல்லை?

ஆப்பிரிக்க முதியவர்களை விலக்கியதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம் இதுதான்: அவர்களுக்குக் கூட்டுக்குடும்பம் இருக்கிறது, குலவழக்கம் இருக்கிறது, ஒதுக்கப்பட்ட பிரதேசங்களில் நிலம் இருக்கிறது. வயதானவர்களைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அரசு எதற்கு நடுவில் வர வேண்டும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஏதோ அவர்களுடைய பண்பாட்டை மதிப்பது போல. ஆனால் அந்த நிலத்தின் கணக்கைப் பாருங்கள். 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிய நிலம், நாட்டின் பரப்பில் சுமார் 7 சதவீதம். 1936-இல் அதைச் சுமார் 13 சதவீதமாக உயர்த்துவதாகச் சட்டம் போட்டார்கள். அந்தத் துண்டு நிலத்தில் மாடும் மனிதரும் நெருங்கி, மண் அரித்து, விளைச்சல் படுத்தது. ஒதுக்குப் பிரதேசங்கள் சீரழிந்து வருகின்றன என்று 1930-32-இல் அரசே அமைத்த ஒரு பொருளாதார ஆணையமே எழுதியது.

சுரங்க முதலாளிகளுக்கும் இந்தக் 'குலவழக்க' வாதம் ரொம்ப வசதி. கிராமத்தில் குடும்பம் நிலத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி, தொழிலாளிக்கு ஒண்டிக்கட்டைக் கூலி மட்டும் கொடுத்தார்கள். அவர் நோயாளியானாலும் வயதானாலும் கிராமத்துக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில் சொன்னால், தொழிலாளியை வளர்க்கும் செலவும் அவருடைய முதுமைச் செலவும் கம்பெனி லெட்ஜரில் ஏறவே இல்லை. அந்தச் செலவுகளை ஊரில் இருந்த பெண்கள் சுமந்தார்கள்.

'வரி கட்டுபவர்களுக்குத்தானே உதவி?' என்று ஒரு வாதமும் உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். 1925-இல் வந்த ஒரு சட்டப்படி ஒவ்வொரு வயதுவந்த ஆப்பிரிக்க ஆணும் வருடத்துக்கு ஒரு பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஜெயில். ஆக, வருமானமே இல்லாமல் வரி கட்டியவருக்குப் பென்ஷன் இல்லை. வருமான வரி வரம்புக்குக் கீழே இருந்து வரியே கட்டாத ஏழை வெள்ளையருக்குப் பென்ஷன் உண்டு.

நம்மவர்கள் கதை

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் கரையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மீது 3 பவுண்டு வரி விதிக்கப்பட்டது. அதை எதிர்த்துத்தான் 1913-இல் காந்தி தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்துபோன இளம்பெண்தான் நாம் பாடப்புத்தகத்தில் படித்த தில்லையாடி வள்ளியம்மை.

அந்த ஒப்பந்தக் கூலிகள் 1928-இல் கிழவர்களாகியிருந்தார்கள். இருபது வயதில் கப்பல் ஏறி, கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர்கள். அவர்களுக்கு அரசு என்ன கொடுத்தது?

திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் கொடுத்தது! 1927-ஆம் ஆண்டு கேப்டவுன் ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குத் திரும்பச் சம்மதிக்கும் வயதுவந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு ரொக்கமும் பயணச் செலவும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தங்கும் இந்தியர்களின் கல்வியையும் வாழ்நிலையையும் உயர்த்துவோம் என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் வந்த பென்ஷன் சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லுக்கு இடமில்லை. வெள்ளையருக்கு 'இங்கேயே கௌரவமாக இருக்க' வருடத்துக்கு 30 பவுண்டு, இந்தியருக்கு 'கிளம்பிப் போய்விட' ஒரே தடவையாக 20 பவுண்டு. யாரைத் தன் குடிமக்கள் என்று அந்த அரசு நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அப்படித் திரும்பி வந்தவர்கள் பலர் சென்னையில் வந்திறங்கி, சொந்த ஊரும் சொந்தமில்லாமல், பிழைக்க வழி தெரியாமல் திண்டாடினார்கள். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா போனவர் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரி. அவர் முயற்சியில் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி எழும்பியது. பென்ஷனுக்கு மட்டும் இந்தியர்கள் 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1944: கதவு கொஞ்சம் திறந்தது

இரண்டாம் உலகப்போர் பல நாடுகளில் ஏழைகளின் கணக்கை மாற்றியது. இங்கிலாந்தில் 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை. தென்னாப்பிரிக்காவில் மீண்டும் ஸ்மட்ஸ் ஆட்சி, நிதியமைச்சர் ஹோஃப்மெயர். போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள், நகரங்கள் அவர்களால் நிரம்பின. 1944-இல் பென்ஷன் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

ஆனால் எப்படி? நகரத்தில் வசிக்கும் ஆப்பிரிக்கருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 12 பவுண்டு. சிற்றூர்களில் 9 பவுண்டு. கிராமத்தில் 6 பவுண்டு. கிராமத்துக் கிழவிக்கு மாதம் பத்தே ஷில்லிங்! பதினாறு வருடங்களுக்கு முன் வெள்ளையருக்கு வைத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளையருக்கு மாதா மாதம் பென்ஷன் வர, பின்னாளில் ஆப்பிரிக்கருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வழக்கமும் சேர்ந்தது.

இருந்தாலும் இதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தொகை சிறியதுதான், ஆனால் தத்துவம் மாறிவிட்டது. 'உங்களைக் குலவழக்கம் பார்த்துக்கொள்ளும்' என்ற சாக்கு சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றது. ஆப்பிரிக்க முதியவரும் அரசின் பொறுப்பு என்று எழுதியாகிவிட்டது. அதன் பிறகு சண்டை எல்லாம் 'எவ்வளவு' என்பதில்தான்.

1948-இல் மலான் தலைமையில் தேசியக் கட்சி வென்று இனஒதுக்கலைக் கொள்கையாகவே அறிவித்தது. 1949-இல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, குறைந்த கூலி வாங்கிய ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளினார்கள். 1950-களில் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பள்ளி உணவுத் திட்டத்தைப் படிப்படியாக வெட்டினார்கள். ஆனால் முதியோர் பென்ஷனை அந்த அரசுகூட ஒழிக்கவில்லை. உயர்த்தாமல் போட்டுவைத்தது, அவ்வளவுதான்.

போட்டுவைத்ததன் விளைவு என்ன? 1958-இல் நாட்டில் மொத்தம் சுமார் 3,47,000 பேர் முதியோர் பென்ஷன் வாங்கினார்கள். அதில் ஆப்பிரிக்கர்கள் 60 சதவீதம். ஆனால் மொத்தச் செலவில் அவர்களுக்குப் போனது 19 சதவீதம்தான். கால்குலேட்டரை எடுங்கள். 60 பேருக்கு 19 ரூபாய் என்றால் தலைக்கு சுமார் 32 பைசா. மீதி 40 பேருக்கு 81 ரூபாய் என்றால் தலைக்கு சுமார் 2 ரூபாய். ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! அந்த நாற்பது பேரில் குறைவாக வாங்கிய கலப்பினத்தவரும் இந்தியரும் அடக்கம். வெள்ளையரை மட்டும் தனியாக எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும்.

1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு இன முத்திரை குத்தியது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்த கொடுமையும் நடந்தது. அந்த முத்திரை எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதோடு நிற்கவில்லை. கிழவயதில் எத்தனை ராண்ட் பென்ஷன் என்பதையும் அதுதான் முடிவு செய்தது.

1993: ஒரு விநோதமான சமத்துவம்

1973-இல் டர்பன் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள், 1976-இல் சோவெட்டோ மாணவர் எழுச்சி. இதற்குப் பிறகு அரசு பயந்தது. ஆப்பிரிக்கர்களின் பென்ஷன் வேகமாக உயர ஆரம்பித்தது. அதே சமயம் விலைவாசிக்கு ஏற்ப வெள்ளையரின் பென்ஷனை உயர்த்தாமல் அதன் உண்மை மதிப்பைத் தேய விட்டார்கள். ஒரு கோடு மேலே ஏற, இன்னொரு கோடு கீழே இறங்க, 1993 செப்டம்பரில் இரண்டும் சந்தித்தன. மண்டேலா ஜனாதிபதியாவதற்கு எட்டு மாதம் முன்பே, இனஒதுக்கல் அரசின் கடைசி நாட்களிலேயே, எல்லா இனத்தவருக்கும் ஒரே பென்ஷன்.

வெள்ளையர்கள் ஏன் பெரிதாகச் சண்டை போடவில்லை? அவர்களுக்கு அது அப்போது தேவைப்படவில்லை. அறுபது வருடங்களாக ஒதுக்கிய வேலைகள், நல்ல பள்ளிகள், கம்பெனி ஓய்வூதியங்கள் எல்லாம் தங்கள் வேலையைச் செய்து முடித்திருந்தன. ஏழை வெள்ளையர் என்ற வர்க்கமே சுருங்கிவிட்டது. வருமானச் சோதனையில் தேறி அரசு பென்ஷன் வாங்கும் நிலையில் இருந்த வெள்ளையர்கள் வெகு சிலரே. ஏணியில் ஏறியாகிவிட்டது, இனி ஏணியைப் பற்றி என்ன கவலை?

இந்தக் கதையிலேயே எனக்குப் பெரிய ஆச்சரியம் அடுத்ததுதான். 1993-இல் வந்த சமமான தொகை மாதம் 370 ராண்ட். ஆப்பிரிக்கக் குடும்பங்களின் நடுநிலைத் தலைவருமானத்தைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளரும் நாடுகளில் இவ்வளவு தாராளமான முதியோர் பென்ஷன் அபூர்வம். இது எங்கிருந்து வந்தது? ஏழை வெள்ளையர் 'வெள்ளையருக்கு ஏற்ற' வாழ்க்கை வாழ வேண்டும் என்று உருவான திட்டத்தின் தொகை அது. எந்தக் கறுப்பரிடமிருந்து வெள்ளையரை உயர்த்திக் காட்ட அந்தப் பென்ஷன் பிறந்ததோ, கடைசியில் அது அதே கறுப்பரின் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. சரித்திரத்துக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போல.

பாட்டி வீட்டுப் பொருளாதாரம்

1990-களின் தொடக்கத்தில் குவாசூலு பகுதிக் கிராமங்களுக்குப் பென்ஷன் வண்டி வரும். வண்டியில் பணம் தரும் இயந்திரம், விரல்ரேகை பார்த்துப் பணம் கொடுக்கும். பாட்டிகள் விடிகாலையிலேயே வரிசையில் நிற்பார்கள். அவர்களைச் சுற்றிக் கோழி விற்பவர், துணி விற்பவர், கடன் வசூலிக்க வந்தவர் என்று ஒரு சந்தையே கூடிவிடும். பென்ஷன் நாள்தான் அந்த ஊரின் சம்பள நாள்.

அந்தப் பணத்தைப் பாட்டி மட்டும் சாப்பிடவில்லை. மகன் சுரங்கத்தில் வேலை இழந்திருப்பார், மகள் நகரத்தில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், பேரப்பிள்ளைகள் பாட்டியிடம். ஒரு பென்ஷன் மூன்று தலைமுறைக்குச் சோறு. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1998-இல் இதை விரிவாக எழுதினார்கள். எஸ்தர் டஃப்லோ (2019-இல் நோபல் பரிசு பெற்றவர்) 1993-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாட்டி கைக்குப் பென்ஷன் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறியிருந்தன. தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை. (தாத்தாக்கள் மன்னிக்கவும்!)

1996 அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சமூகப் பாதுகாப்பை உரிமை என்றே எழுதியது. அடுத்து குழந்தைகள் பக்கம் வந்தார்கள். இங்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. பழைய பராமரிப்பு உதவித்தொகை பெரும்பாலும் வெள்ளை, கலப்பின, இந்தியத் தாய்மார்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அதே பெரிய தொகையை எல்லா ஆப்பிரிக்கத் தாய்மார்களுக்கும் விரித்தால் பட்ஜெட் தாங்காது. பிரான்சி லண்ட் தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, பழையதைப் படிப்படியாக நிறுத்தி, 1998-இல் ஏழு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு மாதம் 100 ராண்ட் என்று சிறிய தொகை வந்தது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பாதை திறந்தது. ஆனால் கேப்டவுனிலும் டர்பனிலும் இருந்த ஏழைக் கலப்பின, இந்தியத் தாய்மார்கள் கையில் இருந்ததை இழந்தார்கள்.

பென்ஷன் மேல்மட்டத்தில் சமமானது, குழந்தைத் தொகை கீழ்மட்டத்தில் சமமானது. சமத்துவம் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு கணக்குகள் உண்டு. யாருடைய செலவில் சமம் என்று கேட்காமல் கைதட்டிவிடக் கூடாது.

லாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும்

இன்று அந்த நாட்டில் 1.3 கோடிக் குழந்தைகள் உதவித்தொகை பெறுகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது வேலையில்லாத பெரியவர்களுக்கும் மாதம் 350 ராண்ட் கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் உலக வங்கிக் கணக்கில் உலகிலேயே வருமான ஏற்றத்தாழ்வு அதிகமான நாடு தென்னாப்பிரிக்காதான். 2014 தரவுப்படி அதன் கினி குறியீடு 63. அப்படியானால் நலத்திட்டங்கள் தோற்றுவிட்டனவா?

எங்கள் முதலாம் ஆண்டு அக்கவுண்ட்ஸ் பாடத்திலேயே இதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு நிறுவனத்தைப் புரிந்துகொள்ள இரண்டு அறிக்கைகள் வேண்டும். ஒன்று லாப நட்டக் கணக்கு: இந்த வருடம் என்ன வந்தது, என்ன போனது. இன்னொன்று ஐந்தொகை: இத்தனை வருடமாகச் சேர்ந்த சொத்து என்ன, கடன் என்ன. பென்ஷனும் உதவித்தொகையும் முதல் அறிக்கையில் வருபவை. அவை இந்த மாதப் பசியைத் தீர்க்கின்றன. 1913-இல் பறிபோன நிலமும், 1926-இல் மறுக்கப்பட்ட திறன் வேலையும், 1953-ஆம் ஆண்டு பாண்டு கல்விச் சட்டம் கெடுத்த படிப்பும் இரண்டாவது அறிக்கையில் இருப்பவை. 2017 நிலத் தணிக்கையில், தனிநபர் பெயரில் உள்ள விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையரிடம் இருந்தது. மக்கள்தொகையில் அவர்கள் அப்போது சுமார் 8 சதவீதம். நாட்டின் மொத்தச் சொத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம் என்கிறது இன்னொரு ஆய்வு. மாதா மாதம் பென்ஷன் கொடுத்து இந்த ஐந்தொகையைத் திருத்த முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழை வெள்ளையருக்கு அரசு வெறும் பென்ஷன் மட்டும் கொடுக்கவில்லை. வேலை கொடுத்தது, படிப்பு கொடுத்தது, நிலத்தைக் காத்துக் கொடுத்தது, கூடவே பென்ஷனும் கொடுத்தது. இரண்டு தலைமுறையில் அவர்களின் வறுமை பெரும்பாலும் ஒழிந்தது. 1994-க்குப் பிறகு கறுப்பு ஏழைக்கு அந்தப் பட்டியலில் ஒழுங்காகக் கிடைத்தது கடைசி ஒன்றுதான். வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நாட்டில் பாட்டி பென்ஷன் ஒரு குடும்பத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும். பேரனுக்கு வேலை வாங்கித் தராது.

நம் வகுப்பிலும் 'இலவசம் கொடுத்தே கெடுத்துட்டாங்க' என்று யாராவது ஆரம்பிப்பது உண்டு. அவர்களுக்கு என் பதில் இந்தக் கதைதான். உதவித்தொகை வாங்கியதால் ஏழை வெள்ளையர் சோம்பேறியாகவில்லை, நடுத்தர வர்க்கமானார்கள். கூடவே மற்றவையும் கிடைத்ததால் ஆனார்கள். ஆகவே 'ஏன் கொடுக்கிறார்கள்' என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். 'அதோடு கூட என்ன கொடுக்கவில்லை' என்று கேட்டுப் பாருங்கள். அரசு யாரை வரிசையில் சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது, அதற்கு என்ன சாக்கு சொன்னது என்று பாருங்கள். 'அவங்களுக்குத்தான் சொந்தபந்தம் இருக்கே' என்று இன்று யாராவது சொன்னால், 1928-இல் அதே வாதம் எதை மறைக்கப் பயன்பட்டது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு பெரியவர்களில் மூன்றாமவரும் நான்காமவரும் 1944 வரை உயிரோடு இருந்திருந்தால், 81 வயதில் முதல் பென்ஷனை வாங்கியிருப்பார்கள். அவர்கள் இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்த பதிவில் சந்திப்போம். செமஸ்டர் முடிந்த பிறகு!